சரி, இப்ப என்ன செய்யப் போறீங்கள்?

வாசகர் கேள்வி – பதில்

பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் போயா என்ற பௌர்ணமி விடுமுறை தினங்களில் நடக்கும் கதையாட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லி, முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருட்டிப் பார்க்கும் ஆட்டம். அதைப் படித்த பிறகு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் போட்டிருக்கிறேன்.

நிலாவெளியிலிருந்து: ரீச்சர், நான் உயர்தரம் படிக்கிறேன். வீடியோவில் இந்த ஆட்டத்தைப் பார்த்து ஆசை வந்தது. புத்தகம் ஆங்கிலத்தில், முந்நூறு பக்கத்துக்கு மேல். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இருபது முகப் பகடை திருகோணமலைக் கடைகளில் எங்கேயும் இல்லை. நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். எப்படித் தொடங்குவது?

தம்பி, புத்தகம் வாங்காமலே தொடங்குங்கள். 2017இல் கனடாவிலிருந்து வந்த என் சித்தப்பா மகன் இரண்டு கிழமை எங்கள் வீட்டில் நின்றபோதுதான் நான் இதைப் பழகினேன். போகும்போது பகடைப் பையை விட்டுவிட்டுப் போனான், புத்தகத்தைக் கொண்டுபோய்விட்டான். நினைவில் நின்றதை வைத்துத்தான் ஆடினோம். நினைவில் நின்றது எதுவோ அதுதான் உண்மையில் தேவையான விதி என்று பிறகு விளங்கியது.

இந்த ஆட்டங்களில் மூத்தது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்டார்கள். முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிகள்தான். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், அவ்வளவே. அதில் விளங்காததையும் விடுபட்டதையும் ஆடியவர்கள் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆங்கிலம் ஓரளவு வாசிப்பீர்கள் என்றால் இன்னொரு நல்ல செய்தி இருக்கிறது. அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். எஸ்.ஆர்.டி. 5.1 என்று தேடினால் கிடைக்கும். யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சடிக்கக்கூட முடியும். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும்.

பகடைக்கு வருகிறேன். பையில் வரும் காய்கள் ஏழு. நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகக் காய்கள் ஒவ்வொன்று, பத்து முகக் காய் இரண்டு. இவற்றில் கையை விட்டு இறங்காதது இருபது முகம்தான். அது இல்லாவிட்டால் ஒரு சீட்டுக்கட்டு காணும். ஆட்டினிலும் இஸ்பேட்டிலும் ஏஸ் முதல் பத்து வரை எடுத்தால் இருபது சீட்டு. சிவப்பு வந்தால் அதில் உள்ள எண். கறுப்பு வந்தால் அதோடு பத்தைக் கூட்டுங்கள். ஒன்று முதல் இருபது வரை எல்லா எண்ணுக்கும் சமமான வாய்ப்பு வந்துவிட்டது. இழுத்த சீட்டைத் திரும்பக் கட்டுக்குள் போட்டுக் கலைத்துவிட்டு அடுத்தவருக்கு நீட்ட வேண்டும், இதை மட்டும் மறக்கக்கூடாது. 2022இல் கரண்ட் வெட்டு நீண்டுகொண்டே போன நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் பாய்க்கடியில் பகடை உருண்டு ஓடிவிடும் என்று நாங்கள் சீட்டுத்தான் பாவித்தோம். கொப்பி விலையும் ஏறிக் கிடந்த நேரம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில்தான் பிள்ளைகள் பாத்திரங்களை எழுதினார்கள். அந்தத் தாள்களை இன்னும் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு விதி இது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், வேகம், அறிவு, பேச்சு என்று நான்கு. 3, 2, 1, 0 என்ற எண்களை அந்த நான்குக்கும் விரும்பியபடி பிரித்துக்கொள்ள வேண்டும். ஏதாவது செய்ய முயன்றால் இருபதில் ஒன்றை உருட்டி, பொருத்தமான எண்ணைக் கூட்டுங்கள். லேசான காரியத்துக்குப் பத்து வேண்டும், கடினமானதற்குப் பதினைந்து, மிகக் கடினமானதற்கு இருபது. கூட்ட ஒன்றும் இல்லாதவருக்கு லேசான காரியம் நூற்றுக்கு 55 தரம் கைகூடும், கடினமானது 30 தரம். மூன்று வைத்திருப்பவருக்குக் கடினமானது 45 ஆகிறது, இருபதை எட்டுவது 20 ஆகிறது. கணக்கு ரீச்சர் என்பதால் சொல்லவில்லை. கதையை நடத்துபவருக்கு இந்த எண்கள் விரல் நுனியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை செய்ய நினைத்த எல்லாவற்றுக்கும் இருபது கேட்டு அதன் வாயை அடைத்துவிடுவோம்.

இதைவிடப் பெரிய விதி ஒன்று. உருட்டித் தோற்றால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லாதீர்கள். பூட்டைத் திறக்க உருட்டினான், எண் போதவில்லை. பூட்டுத் திறக்கட்டும். ஆனால் திறப்பு உள்ளே முறிந்தது, சத்தத்தில் காவற்காரனின் நாய் எழும்பிவிட்டது. தோல்வியும் கதையை முன்னுக்குத் தள்ள வேண்டும். நாலு பேரும் கதிரையில் நிமிர்ந்து உட்காருவது அந்த இடத்தில்தான்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, எங்கள் குழுவில் கதை நடத்துவது நான். ஒரு கிழமை யோசித்துக் கதை எழுதிக்கொண்டு போகிறேன். அவர்கள் நான் நினைத்த பக்கம் போவதே இல்லை. குகைக்குள் போகச் சொன்னால் தேத்தண்ணிக் கடைக்காரனோடு கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அழுகை வருகிறது.

தங்கச்சி, உங்களுக்கு நடந்தது இந்த ஆட்டம் பிறந்த நாளிலேயே நடந்தது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நண்பர்களுக்காக ஒழுங்குசெய்தார். கதை நடக்கும் கற்பனை ஊரின் பெயர் பிரவுன்ஸ்டைன். படைகளை நகர்த்துவதோடு நிற்காமல், அந்த ஊரின் ஆட்களாக இருக்கும் வேலையையும் நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் படையை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேரம் பேசத் தொடங்கினார்கள். ஆட்டம் குழம்பிப் பாழாகிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். நண்பர்களோ இன்னொரு முறை நடத்து என்று அவரை விடவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்தான் நான் முதலில் சொன்ன ஆர்னெசன்.

என் முதல் ஆட்டத்தையும் சொல்கிறேன். சி.ஆர். கொப்பியில் பதினான்கு பக்கம் எழுதினேன். ஒன்றரை மணித்தியாலம் அதை வாசித்தேன். ஐந்து பிள்ளைகளில் இரண்டு நித்திரை, இரண்டு எழும்பிப் போய் முற்றத்தில் கரம் அடித்தார்கள். மிச்சம் இருந்த ஒருவன் என் அக்காவின் மகன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான், ‘சித்தி, நாங்கள் எப்ப கதைக்கிறது?’ அன்று இரவு அந்தக் கொப்பியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பதினான்கு பக்கத்தில் ஓரிடத்தில்கூட நான் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை.

கிழக்கில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அண்ணாவியாரைத் தெரியும். பழக்குவது அவர், மத்தளம் அடிப்பது அவர், ஆட்டம் தளர்ந்தால் தாளத்தைத் தூக்கிக் கொடுப்பதும் அவர். ஆனால் சனத்தின் கண் இருப்பது கூத்தரின் மேல். அதனால் எங்கள் விறாந்தையில் கதை நடத்துபவரை அண்ணாவி என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். கூத்துக்கு ஏடு உண்டு, இதற்கு ஏடு கிடையாது என்பதுதான் வித்தியாசம். நீங்கள் கொண்டுபோக வேண்டியது தாளம் மட்டும்.

நான் இப்போது ஆயத்தம் செய்வது ஒரே ஒரு தாள். அதில் மூன்று ஆட்களை எழுதுவேன். ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று ஒரு வரி. பிறகு மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணில் படும் ஒரு பொருள். கடைசியாக, பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் என்ன நடக்கும் என்று நாலு வரி. சென்ற வைகாசிப் போயாவுக்கு எழுதிய தாளைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன். வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டி ஒருவர்: காணாமல்போன தன் வள்ளம் வேண்டும். சுழியோடி ஒருவன்: வள்ளம் எங்கே கிடக்கிறது என்று தெரியும், ஆனால் சொன்னால் அண்ணன் மாட்டுவான். கருவாடு விற்கும் ஆச்சி: இரண்டு பேருக்கும் கடன் கொடுத்தவள், காசு வந்தால் காணும். இடங்கள்: கரைவலை இழுக்கும் கடற்கரை, ஆச்சியின் வாடி, புறாத்தீவு. ஒன்றும் செய்யாவிட்டால்: முதல் நாள் சம்மாட்டி ஆட்களைச் சேர்க்கிறார், இரண்டாம் நாள் சுழியோடியை அடிக்கிறார்கள், மூன்றாம் நாள் காற்று மாறிக் கடல் கொந்தளிக்கிறது, நான்காம் நாள் வள்ளம் உடைந்து கரையொதுங்குகிறது.

இந்தத் தாளில் கதை இல்லை, பாருங்கள். பிள்ளைகள் எங்கே போனாலும் இந்த மூன்று பேரில் ஒருவர் குறுக்கே வருவார். நான் அவர்கள் தீவுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் முழுப் பொழுதும் ஆச்சியின் வாடியில் இருந்து, மூன்று பேரையும் ஒரே பாயில் உட்காரவைத்துக் கடன் கணக்குப் பார்த்தார்கள். தீவுக்கு யாரும் போகவே இல்லை. அன்று இருந்த மகிழ்ச்சி அதற்கு முதல் எந்த ஆட்டத்திலும் இருந்ததில்லை.

ஆகவே தேத்தண்ணிக் கடைக்காரனை அனுப்பிவிடாதீர்கள். அவனுக்கு ஒரு பெயர் வையுங்கள், அவனுக்கு என்ன வேண்டும் என்று உடனே முடிவுசெய்யுங்கள். குகையில் நீங்கள் ஒளித்துவைத்த செய்தி அவன் கடை அலுமாரியிலும் இருக்கலாம். விவரிப்பது நாலு வசனம். நாலாவது வசனத்தின் முடிவில் ‘சரி, இப்ப என்ன செய்யப் போறீங்கள்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் யோசிக்கும்வரை பொறுத்திருங்கள். மௌனம் நீள்கிறது என்று நீங்களே பதில் சொல்லிவிடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. எனக்கு அது பிடிபட ஒரு வருடம் எடுத்தது.

கன்னியாவிலிருந்து: எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம்?

அண்ணாவியோடு ஐந்து பேர் வடிவாக இருக்கும். ஆறைத் தாண்டினால் ஒரு பிள்ளைக்கு முறை வருவதற்குள் மற்றப் பிள்ளை கைத்தொலைபேசியை எடுத்துவிடும். மூன்று மணித்தியாலம், நடுவில் தேத்தண்ணியும் கச்சானும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், தாளும் சீட்டும் பழுதாகும்.

மூதூரிலிருந்து: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நாலைந்து பொடியன்மாரோடு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேய், பூதம், வெட்டு, குத்து என்று சத்தம் போடுகிறார்கள். படிப்புக் கெடுமோ, மனம் கெடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

குறை சொல்வதாக நினைக்கவே இல்லை அம்மா. கேட்டது நல்லது. இதே பயம் 1980களில் அமெரிக்காவிலும் பெரிதாகக் கிளம்பியது. பிள்ளைகள் பிசாசு வழிபாட்டில் விழுகிறார்கள் என்று பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் பேசினார்கள், பெற்றோர் சங்கம்கூட அமைத்தார்கள். காலப்போக்கில் அந்தப் பயம் அடங்கிவிட்டது. அன்று மேசையைச் சுற்றி இருந்த பிள்ளைகள் பலர் இன்று தங்கள் பிள்ளைகளோடு அதே ஆட்டத்தை ஆடுகிறார்கள்.

ஆனால் இதைச் சொன்னதால் உங்கள் பயம் போகாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அந்த அறைக்குள் நீங்களும் போய் இருங்கள். கண்காணிக்க வேண்டாம், ஒரு பாத்திரம் கேட்டு வாங்கி ஆடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் உங்கள் பிள்ளை எப்படி யோசிக்கிறான், யாருக்காக விட்டுக்கொடுக்கிறான், எங்கே அவசரப்படுகிறான் என்று வேறு எதிலும் தெரியாத அளவுக்குத் தெரிந்துவிடும். பேயும் பூதமும் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது என்றால் அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். பேய் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடலாம். நாங்கள் மாதக்கணக்காகக் கடன், களவு, காற்று, கடல் இவற்றை வைத்தே ஆடுகிறோம். கதவு மட்டும் திறந்திருக்கட்டும். அதை நானும் கண்டிப்பாகச் சொல்வேன். விறாந்தையில் ஆடுங்கள், போகிறவர் வருகிறவர் கேட்கட்டும்.

படிப்பைப் பற்றி: போயா நாளில் மட்டும் என்று வையுங்கள். அன்று ரியூசனும் இல்லை. என்னிடம் கணக்குப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, சதவீதம் என்றால் கொப்பியைப் பார்க்கவே மாட்டாள். ஆட்டத்தில் ஒருநாள் ‘பதினைந்து எடுக்க வேண்டும், என்னிடம் இரண்டு இருக்கிறது, அப்ப நூற்றுக்கு நாற்பது, குதிக்க மாட்டேன்’ என்றாள். சரியான விடை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சொன்னால் அது வகுப்பாகிவிடும்.

கிண்ணியாவிலிருந்து: கோட்டை, நாகம், மந்திரவாதி என்று ஆங்கிலப் படத்தில் வருவது எங்கள் வாயில் வரமாட்டேன் என்கிறது. எங்கள் ஊரையே வைத்து ஆடலாமா? இராவணனை, கோணேசரைக் கொண்டுவரலாமா?

தாராளமாக ஆடலாம். கதைக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்! நான் அடிக்கடி எடுப்பது 1782. அந்த வருடம் தொடங்கும்போது திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடம். ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரரின் கடற்படைத் தளபதி சஃப்ரன் வந்து அவர்களிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கப்பற்படைகளும் வெளிக்கடலில் மோதின. எட்டு மாதத்துக்குள் ஒரே கோட்டையில் மூன்று கொடி. இதில் பிள்ளைகளைத் தளபதிகளாக்காதீர்கள். மீன் கொடுக்கிறவள், தோணிக்காரன், மருந்து தெரிந்த பரிகாரி, பாஷை மாற்றிச் சொல்வதால் எல்லாரும் தேடும் துபாசி, இப்படி ஆக்குங்கள். கொடி மாறிய மறுநாள் காலையில் துபாசி எந்தப் பாஷையில் வணக்கம் சொல்வான்? இதை வைத்தே மூன்று மணித்தியாலம் போய்விடும்.

அதற்கும் முந்தியது வேண்டுமென்றால், உங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் கொட்டியாரக் குடாவுக்கு வாருங்கள். புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று மரம் தேடி வந்து நிற்கிறது. 1660இல் அதில் வந்த ரொபேர்ட் நொக்ஸும் இன்னும் பலரும் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். நொக்ஸ் தப்பிப் போனது 1679இல், பத்தொன்பது வருடம் கழித்து. உங்கள் பிள்ளைகள் கரையில் நின்று அந்தக் கப்பலைப் பார்க்கிறார்கள். போய்ச் சொல்வதா, விற்கப் போவதா, ஒளிந்துகொள்வதா? அல்லது இவ்வளவு பின்னுக்குப் போகாமல், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முந்திய காலத்துப் பாதையை, ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோன அந்த மிதவையை, எடுங்கள். இரவில் கடைசிப் பாதை, அதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், ஒரு நோயாளி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெட்டி. உங்கள் உம்மா, வாப்பாவிடம் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

இராவணன் வெட்டையும் கன்னியாவின் ஏழு கிணறுகளையும் இடங்களாக வைக்கிறேன். கோணேசரை யாரும் பாத்திரமாக எடுக்க விடுவதில்லை. கும்பிடுகிற தெய்வத்தை உருட்டித் தோற்கவைக்க எனக்கு மனம் இல்லை, பக்கத்து வீட்டு அப்பம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருமுறை 1782 ஆட்டத்தில் ஒரு பிள்ளை, ‘நான் மலையில் ஏறிக் கோயிலுக்குப் போகிறேன்’ என்றது. கோயில் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைத் தங்கள் கோட்டைக்கு எடுத்துவிட்டார்கள். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்ப நான் கடலைப் பார்த்துக் கும்பிடுகிறேன்’ என்றது. அதற்கு நான் பகடை கேட்கவில்லை.

இப்போது கவனமாக ஒன்று. சொந்த ஊரை வைத்து ஆடும்போது சொந்தக் காயங்களும் கூட வரும். மூன்று வருடத்துக்கு முதல் எங்கள் அயலில் இருக்கும் ஒரு மாமி ஆசைப்பட்டுச் சேர்ந்து ஆடினார். நான் கதைக்கு வேகம் கொடுக்க நினைத்து, ‘கடல் திடீரென்று உள்வாங்குகிறது, பாறைகள் வெளியே தெரிகின்றன’ என்று சொன்னேன். மாமி தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். 2004இல் அவர் யாரை இழந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, யோசிக்காமல் சொன்னேன். அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் அழுதோம். அவர் திரும்ப ஆட வந்தார். ஆனால் அந்தப் பிழை என்னுடையது.

அதற்குப் பிறகு, முதல் நாள் கதையே தொடங்குவதில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எது எங்கள் கதைக்குள் வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லை. சொல்லக் கூச்சப்படுபவர்கள் துண்டில் எழுதித் தரலாம். சுவரில் காணாமற்போனவரின் படம் தொங்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை! சோதனைச்சாவடி, வெள்ளை வான், ஷெல் சத்தம் இவையெல்லாம் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. அப்படியும் ஏதாவது தவறி வந்தால், மேசை நடுவில் சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு போட்ட ஒரு வெற்றுத் தாள் கிடக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டு வேறு பக்கம் போவோம், ஏன் என்று கேட்கமாட்டோம். இது என் யோசனை இல்லை. ஜோன் ஸ்டவ்ரோபொலஸ் என்பவர் இப்படிக் குறுக்குக் கோடு போட்ட அட்டையை இந்த ஆட்டங்களுக்காக உருவாக்கினார், இன்று பல நாடுகளில் பாவிக்கிறார்கள். எங்கள் மேசையில் இதுவரை இரண்டு தரம் தொட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு தரமும் ஆட்டம் முடியும்வரை எல்லாரும் இருந்தார்கள்.

தம்பலகாமத்திலிருந்து: எங்களில் ஒருவன் எல்லாருக்கும் சேர்த்து அவனே பேசுகிறான். அவனுடைய தங்கச்சி வாயே திறப்பதில்லை. அவனைச் சேர்க்காமல் விடுவதா?

விட வேண்டாம். அதிகம் பேசுகிறவனுக்கு ஆட்டத்தில் ஆசை அதிகம், அவ்வளவுதான். ஆளுக்கு மூன்று சோழி கொடுங்கள். பெரிய முடிவு ஒன்றைச் சொல்ல ஒரு சோழியை நடுவில் வைக்க வேண்டும். எல்லாருடைய சோழியும் நடுவுக்கு வந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பீர்கள். தன் மூன்றும் முடிந்தால் அவனே தங்கச்சியைப் பார்த்து ‘நீ சொல்லு’ என்பான். அதோடு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘தங்கச்சி, என்ன செய்யப் போறாய்?’ என்றால் பிள்ளை வெட்கப்படும். ‘தோணிக்காரி, தண்ணி உள்ளுக்கு வருது, என்ன செய்யிறாய்?’ என்று கேட்டால் தோணிக்காரி பதில் சொல்லுவாள். ஆனால் ஆமா, இல்லை என்று முடிகிற கேள்வி வேண்டாம். முதல் இரண்டு தரமும் தலையை மட்டும் ஆட்டினாலும் பொறுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: நான்தான் கதை நடத்துகிறேன். சென்ற ஆட்டத்தில் என் தங்கச்சியின் பாத்திரம் செத்துப்போனது. அவளுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து என்னோடு கதைக்கிறாள் இல்லை. விதியை மாற்றி உயிர்ப்பிக்கலாமா?

முதலில் ஒன்றை நினைத்துப் பாருங்கள் தம்பி. அந்தப் பகடையை உருட்ட முதல், தோற்றால் உயிர் போகும் என்று அவளிடம் சொன்னீர்களா? எங்கள் வீட்டில் ‘இது உயிருக்கான உருட்டல்’ என்று உரத்துச் சொன்ன பிறகுதான் கையில் பகடையைக் கொடுப்போம். அப்போது பிள்ளை பின்வாங்கலாம், வேறு வழி தேடலாம். நீங்கள் சொல்லவில்லை என்றால் அந்தச் சாவு செல்லாது. அவளிடம் போய், நான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் திரும்ப ஆடுங்கள். அண்ணன் தங்கச்சியிடம் பிழையை ஒப்புக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

சொல்லியிருந்தால், அவளும் தெரிந்தே உருட்டியிருந்தால், மாற்றாதீர்கள். மாற்றினால் இனி எந்த உருட்டலிலும் அவளுக்கு நெஞ்சு இடிக்காது. ஆனால் நீங்கள் ஒரு வேலையை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். செத்த விதத்தை நீங்களே சொல்லி முடித்துவிட்டீர்கள், இல்லையா? அதை அவளிடம் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் 1782 ஆட்டத்தில் பறையடிக்கும் ஒருவன் திருகோணமலையின் ஒஸ்டன்பேர்க் கோட்டைச் சரிவில் செத்தான். ஆடியது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ‘கடைசியாக என்ன செய்கிறான், நீயே சொல்லு’ என்றேன். அவள் நெடுநேரம் யோசித்தாள். பறையை நனையவிடாமல் தன் சால்வையால் சுற்றிப் பாறை இடுக்கில் வைக்கிறான் என்றாள். அடுத்த போயாவுக்குப் புதிய தாளோடு வந்தாள். பறையடிக்கிறவனின் தங்கச்சி, பலம் 0, பேச்சு 3. முதல் காட்சியிலேயே அந்தப் பாறை இடுக்கைத் தேடிப் போனாள்.

இன்றைக்கே அவளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோய்க் கொடுங்கள். செத்தவரின் பொருட்கள் இப்போது யார் கையில் இருக்கின்றன என்று அவளைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லும்வரை பேசாமல் பக்கத்தில் இருங்கள்.